நிமிர்த்திப் பிடித்த அன்டனா

வெயில் ஏறிய தகரத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. கோணிச் சாக்கை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் குந்தியிருந்தேன். கையில் இரண்டு முழ நீளத்தில் ஒரு குழாய். அதில் மீன்முள் மாதிரி வரிசையாகக் கம்பிகள். அதன் வாலிலிருந்து ஒரு கறுப்பு வயர் கூரை விளிம்பைத் தாண்டி, ஜன்னல் வழியாக நாங்கள் குடியிருக்கிற காம்பராவுக்குள் போய், மேசைமேல் இருந்த டெலிபோனில் முடிந்தது.

உள்ளேயிருந்து என் மனைவி பிலோமினா குரல் கொடுத்தாள்.

"ஏங்க, இருக்கீங்களா?"

"எங்க போறது? இருக்கேன்."

"ரெண்டு கோடுதான் காட்டுது."

குழாயை ஒரு விரற்கடை திருப்பினேன்.

"இப்ப?"

"மூனு. அப்பிடியே இருங்க. மூச்சுகூட விடாதீங்க."

அன்று வெள்ளிக்கிழமை. குவைத்தில் லீவு நாள். அங்கே வீட்டு வேலைக்குப் போயிருந்த எங்கள் மகள் ஸ்டெல்லா மத்தியானத்துக்கு மேல் பேசுவதாகச் சொல்லியிருந்தாள். அந்தப் பேச்சு அறுந்துபோகாமல் வந்தாக வேண்டும். அவள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாமல் போனால் பிறகு எங்கே போய்த் தேடுவது என்று நினைத்துப் பார்க்கவும் எனக்குத் தெம்பில்லை.

அறுபதை நெருங்கிய மனுசன் பட்டப்பகலில் லயத்து வரிசை வீட்டுக் கூரைமேல் ஏறிக் குந்தியிருந்த கதையைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் சுபாவம் தெரியும். ஒரு விஷயத்தை நேராகச் சொல்லி முடிக்கிற ஆள் நான் இல்லை.

மேசைமேல் ஒரு டெலிபோன்

இரத்தோட்டைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், நான் பிறந்த நாளிலிருந்து டெலிபோன் கம்பி துரை பங்களாவுக்கும், கொழுந்து அரைக்கிற ஸ்டோருக்கும்தான் போனது. லயத்துப் பக்கம் அது திரும்பிப் பார்த்ததேயில்லை. ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மாடியில் முப்பது வருசம் வேலை செய்த நான், கீழே ஆபீசில் மணி அடிப்பதைக் கேட்டிருக்கிறேன். அது ஒருநாளும் எனக்காக அடித்ததில்லை.

பிறகுதான் கம்பியில்லாத டெலிபோன் வந்தது. பார்வைக்குச் சாதாரண மேசை டெலிபோன் மாதிரியே இருக்கும். பின்னால் பெருவிரல் அளவுக்கு ஒரு சின்ன அன்டனா. கம்பத்திலிருந்து கம்பி இழுக்கத் தேவையில்லை. மலைமேல் நிற்கிற டவரிலிருந்து காற்றிலேயே வந்துவிடும் என்றார்கள்.

வரும். ஆனால் எங்கள் லயத்துக்கு வராது. எங்களுக்கும் டவருக்கும் நடுவில் ஒரு மலைத் தோள் குறுக்கே கிடந்தது. டெலிபோனை ஜன்னலில் வைத்தோம், அலுமாரிமேல் வைத்தோம், அடுப்படியில்கூட வைத்துப் பார்த்தோம். மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மட்டும் அதன் சின்னக் கண்ணாடியில் ஒரு கோடு தெரியும். பிலோமினா அதை மாதாவின் கிருபை என்றாள். நான் மறுக்கவில்லை. அந்த இடத்தில் சுவர் வெடித்திருந்தது என்பதும் உண்மை.

அந்த ஒற்றைக் கோட்டில்தான் ஸ்டெல்லா இரண்டு வருசம் பேசினாள்.

அவள் போனது எனக்குப் பிடிக்கவில்லை. இதை மறைத்து எழுத மனமில்லை. போகாதே என்றேன். போகிற அன்று பஸ் நிற்கிற இடம்வரைக்கும்கூட நான் போகவில்லை. வேலைக்குப் போய்விட்டேன். பிறகு அவள் கோல் எடுத்துப் பேசுகிற நேரத்திலெல்லாம் தாயிடம் கேட்பாளாம்.

"அப்பா எங்கம்மா?"

"இந்தா, பக்கத்துலதான் நிக்கிறாரு."

"சுகமா இருக்கேன்னு சொல்லு" என்பேன் நான். அவ்வளவுதான். பூசைக்குப் போய் நற்கருணை வாங்குகிறவன், பெற்ற பிள்ளையிடம் இரண்டு வருசம் இப்படி இருந்தேன்.

ஒப்பந்தம் முடிந்தும் அவளை அனுப்பவில்லை. மூன்று மாதம் சத்தமேயில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மணி அடித்தது.

"அம்மா, என்னைய வேற வீட்டுக்கு மாத்திட்டாங்க. பாஸ்போட் அவங்கக்கிட்ட இருக்கு. விலாசம் சொல்றேன், அப்பாவ எழுதிக்கச் சொல்லுங்க..."

அறுந்துவிட்டது. அரை மணி கழித்துத் திரும்ப அடித்தபோது இரைச்சல்தான் கேட்டது. அதற்குள்ளிருந்து "அடுத்த வெள்ளி, பகலைக்கு மேல" என்று ஒரு துண்டு. பக்கத்து வீட்டில் வேலை செய்கிற நம் நாட்டுப் பெண் ஒருத்தியின் டெலிபோனை இரவல் வாங்கிப் பேசினாள் என்பது பிறகு தெரிந்தது.

மறுநாள் காலையில் பங்குச் சுவாமியிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கடிதம் எழுதலாம். எங்க போகணுமோ அங்க நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா விலாசம் இல்லாம ஒருத்தரும் ஒன்னும் செய்ய ஏலாது, சவரிமுத்து. ஒரு வீட்டு நம்பராவது வேணும்."

ஜெமீல் நானாவின் மீன்முள்

டெலிபோனை நாங்கள் வாங்கியது இரத்தோட்டை பஜாரில் ஜெமீல் நானாவின் கடையில். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். சுவாமியிடமிருந்து நேரே அங்கே போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, உள்ளே போய் அந்த மீன்முள்ளைத் தூக்கி வந்தார்.

"இத கூரைக்கு மேல கட்டுங்க அண்ணே. போனுக்குப் பொறத்தால ஈக்கிற பெருவிரல திருகிக் கழட்டுங்க. அந்த எடத்துல இந்த வயர்ர மூஞ்சத் திருகுங்க. கையாலதான். குறடு போட்டீங்கன்னா பித்தள பிஞ்சிடும்."

கூரையில் கம்பம் நட்டு, எல்லாம் அவர் சொன்னபடி செய்தேன், ஒன்றைத் தவிர. வயர் மாதா படம்வரைக்கும் எட்டவில்லை. வீட்டில் பழைய டீவி வயர் ஒரு துண்டு இருந்தது. நடுவில் வெட்டி, முறுக்கி இணைத்து, டேப் சுற்றிவிட்டேன். முன்பிருந்த ஒரு கோடும் போய்விட்டது.

திங்கட்கிழமை திரும்பவும் கடைக்குப் போனேன்.

"சிக்னல் ஈக்கா?"

"முந்தி ஒன்னு இருந்திச்சி நானா. இப்ப அதுவும் இல்ல."

"வயர வெட்டினீங்களா?"

நான் எதிர்க்கடைப் பலகையை வாசிக்கத் தொடங்கினேன்.

"வெட்டித்தான் ஈக்கிறீங்க. மொகத்துல எழுதி ஈக்கி. அது வேற வயர், டீவி வயர் வேற. கோழிக் கறியில கருவாட்டுக் கொழம்ப ஊத்தினா எப்பிடி?" என்று திட்டிக்கொண்டே வேறு வயர் எடுத்துத் தந்தார். "வயர போனுக்கிட்ட இழுக்காதீங்க. போன வயருக்கிட்ட கொண்டு வாங்க."

மேசையை ஜன்னலுக்கடியில் இழுத்துப் போட்டோம். டெலிபோன் இடம் மாறியதும் பிலோமினா மாதா படத்தையும் கழற்றிக்கொண்டு வந்து அங்கேயே மாட்டினாள். கோடு ஒன்று வந்தது. சில நேரம் அதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை பூராவும் கூரையில் ஏறுவதும் இறங்குவதுமாகப் போயிற்று. பக்கத்துக் காம்பராக்காரர்கள் கீழே நின்று ஆளுக்கொரு திசை காட்டினார்கள். எல்லாத் திசைக்கும் திருப்பிப் பார்த்தேன். இடுப்பு விட்டுப்போனதுதான் மிச்சம்.

புதன்கிழமை பிலோமினா கோயிலில் நவநாள் செபத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் வந்தாள். வந்ததும் முக்காட்டைக்கூட எடுக்காமல் வாசலில் நின்று கூரையைப் பார்த்தாள்.

"ஏங்க, நானா கட மேல உள்ள அன்டனாவுல முள்ளெல்லாம் நின்னுக்கிட்டு இருக்கு. நம்மது படுத்துக் கெடக்கு."

"டீவிக்கு அப்பிடித்தானே புள்ள கட்டுவோம்."

"இது டீவியா?"

எங்கள் லயத்தில் எத்தனை டீவி அன்டனா உண்டோ, அத்தனையும் கம்பிகளைத் தட்டையாகப் படுக்க வைத்துக் கட்டினதுதான். அதில் பாதி என் கைபட்டது. இந்த மீன்முள்ளையும் யோசிக்காமல் அப்படியே படுக்க வைத்துக் கட்டியிருந்தேன். பார்க்க வந்தவர்களில் ஒருவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. அவர்கள் வீட்டுக் கூரையிலும் அப்படித்தானே இருக்கிறது.

ஏறிப்போய் ஆணியைத் தளர்த்தி, கம்பிகள் மேலும் கீழுமாக நிற்கிற மாதிரி கால் சுற்று திருப்பினேன். உள்ளே பிலோமினா எண்ணினாள். "ஒன்னு, ரெண்டு, மூனு, நாலு." பிறகு சத்தமில்லை. எட்டிப் பார்த்தால் சிலுவை போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறாள்.

டெலிபோன் அலை நின்றுகொண்டு வருமாம், டீவி அலை படுத்துக்கொண்டு வருமாம். நானா பிறகு விளக்கினார். முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "நீங்க அன்டனாவப் படுக்க வெப்பீங்கன்னு நான் கனவா கண்டேன்?" என்றார்.

கூரைமேல் கம்பி

எங்கள் ஆட்களுக்குக் கூரைமேல் ஒரு கம்பி நிற்பது எப்போதும் பயம்தான். என் அப்பா ரேடியோப் பைத்தியம். இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவில் செம்புக் கம்பி கட்டி, அதிலிருந்து ஒரு வயரைக் காம்பராவுக்குள் இழுத்து வைத்திருந்தார். மாலையில் திருச்சிப் பாட்டெல்லாம் தெளிவாகக் கேட்கும். கலவரம் நடந்த ஒரு வருசத்தில், அந்தக் கம்பியால் நாங்கள் யாருக்கோ செய்தி அனுப்புவதாக ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. அப்பா அன்றே கம்பியை அவிழ்த்து, சுருட்டி, மாட்டெருக் குழியில் புதைத்தார். கலவரம் அடங்கிய பிறகும் அதைத் தோண்டி எடுக்கவில்லை. ரேடியோ கரகரத்துக்கொண்டே கிடந்து ஒருநாள் நின்றுபோனது.

நான் சொல்கிற காலம், வடக்கில் சண்டை திரும்பவும் மூண்டிருந்த காலம். வியாழக்கிழமை காலை ஆமியும் பொலிசுமாக லயத்தைச் சோதனை போட வந்தார்கள். எல்லாக் காம்பராவிலும் அடையாள அட்டை பார்த்தார்கள். எங்கள் வாசலில் மட்டும் நின்று மேலே பார்த்தார்கள்.

"இதுல யாரோட பேசுறது?" என்று சிங்களத்தில் கேட்டார், இளவயதுப் பொலிஸ் அதிகாரி ஒருவர். கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது.

"மகளோட, மாத்தயா. குவைத்துல இருக்கா. டெலிபோன் கடைப் பத்திரமெல்லாம் இருக்கு."

பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். டெலிபோனைத் தூக்கிப் பார்த்தார். வயரை ஜன்னல்வரை தடவிக்கொண்டே போனார்.

"எங்க அக்காவும் வெளிநாட்டுலதான்" என்றார். குரலில் கடுமையில்லை. "ஆனா இந்தக் கம்பத்தக் கழட்டுங்க. ஸ்டேசன்ல கடிதம் எடுத்துட்டு வந்து கட்டுங்க."

அவர் நிற்கும்போதே கழற்றினேன். மத்தியானம் டவுனுக்குப் போனேன். கையெழுத்துப் போடுகிற பெரியவர் மாத்தளைக்குப் போய்விட்டாராம், சனிக்கிழமை வரச் சொன்னார்கள். சனிக்கிழமையை வைத்து நான் என்ன செய்ய? திரும்பி வருகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தோட்டத்துக்கு வந்தும் எழும்ப மனசு வரவில்லை.

அன்று இரவு செபமாலை உருட்டும்போது எத்தனையாவது தேவ இரகசியத்தில் நிற்கிறோம் என்பதையே இரண்டு தரம் மறந்தேன். முடிந்ததும் பிலோமினா கேட்டாள்.

"கம்பத்தத்தானே கழட்டச் சொன்னாங்க?"

"ஆமா."

"கையக் கழட்டச் சொல்லலியே."

வெள்ளிக்கிழமை

அப்படித்தான் நான் கூரைமேல் போய்ச் சேர்ந்தேன். பொலிஸ் சொன்ன சொல்லை மீறுகிறேனா இல்லையா என்று ஆண்டவரிடமே கேட்டேன். பதில் வரும்வரை காத்திருக்க நேரமில்லை.

முதல் ஏற்பாடு வேறு. நான் மேசையில் கொப்பியும் பென்சிலுமாக உட்கார்ந்து, மகளிடம் பேசி, விலாசத்தை எழுதிக்கொள்வது. பிலோமினா எழுத்துக் கூட்டிச் செபப் புத்தகம் வாசிப்பாள், கையெழுத்துப் போடுவாள். அதற்குமேல் எழுத வராது. ஆனால் கூரையில் ஏற அவள் முழங்கால் விடாது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருந்தார்கள். இருந்திருந்தாலும், முதல் நாள் சோதனைக்குப் பிறகு அந்தக் குழாயைக் கையில் வாங்க யாரைக் கேட்பது?

பன்னிரண்டு மணிக்கு ஏறினேன். ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. கை மரத்துப்போய், அது என் கைதானா என்று சந்தேகம் வந்தது. மகளிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எப்படியாவது கடைசியில் ஒரு நிமிசம் இறங்கிப் போய்ப் பேசிவிடலாம் என்று ஓர் எண்ணம். 'நான் அன்னைக்கு பஸ்ஸுக்கு வந்திருக்கணும்மா.' இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன்.

மூன்று மணி இருக்கும். கீழே வளைவில் ஒரு பெரிய வாகனம் கியர் மாற்றி ஏறுகிற சத்தம் கேட்டது. அதே நேரம் உள்ளே மணி அடித்தது.

அந்த வாகனம் ஆமியா, கொழுந்து லொறியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் கையும் திரும்பும்.

"ஸ்டெல்லா? அழாத. அழாத புள்ள, மொதல்ல விலாசத்தச் சொல்லு." பிலோமினாவின் குரல் தகரத்துக்கடியிலிருந்து வந்தது. பிறகு எனக்காகச் சத்தமாக: "ஏரியா பேரு சல்வா."

"சல்வா" என்று நான் மேலிருந்து கத்தினேன்.

"பிளொக் ஆறு."

"பிளொக் ஆறு."

கம்பம் நின்ற இடத்தில் ஓர் ஆணி கிடந்தது. இடது கையால் அன்டனாவைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஆணியை எடுத்துத் தகரத்தில் கீறினேன். தெரு நம்பர், வீட்டு நம்பர். பிறகு வீட்டுக்காரரின் டெலிபோன் நம்பர். அங்கேதான் சிக்கியது.

"ஆறா, ஒம்பதா?"

"என்னங்க?"

"ஆறா ஒம்பதான்னு கேளு. சத்தமாச் சொல்லு, ஒன்னும் வெளங்கல. ஏன் முழுங்குற?"

"ஒம்பது."

"முழுசாத் திருப்பிச் சொல்லு. மொதல்ல இருந்து."

கடைசி இலக்கத்தைக் கீறி முடித்தபோது சட்டை தெப்பமாக நனைந்திருந்தது.

"ஏங்க," என்று பிலோமினா கூப்பிட்டாள். "ஸ்டெல்லா உங்களக் கேக்குறா."

நான் இறங்கினால் கோடு இறங்கிவிடும். பேச்சு அறுந்துவிடும். அவள் தாயோடு பேசுகிற அந்த இரண்டொரு நிமிசத்தையும் கெடுக்க வேண்டுமா?

"சுகமா இருக்கேன்னு சொல்லு" என்றேன்.

அவள் வந்த பிறகு

அந்த விலாசத்தை வைத்துச் சுவாமி கடிதம் எழுதினார். அவரோடு கொழும்புக்கு மூன்று தரம் போனேன். அங்கே ஆபீஸ் ஆபீசாக உட்கார்ந்திருந்த வாங்குப் பலகைகளைப் பற்றி எழுதினால் இன்னொரு அத்தியாயம் ஆகும். அதை விடுகிறேன். சனிக்கிழமைக் கடிதமும் ஒருவழியாகக் கிடைத்தது. ஆனால் கூரையில் கம்பம் கட்ட அதற்குப் பிறகு எனக்குக் கை வரவில்லை. ஸ்டெல்லாவின் கோலும் அந்த வெள்ளிக்குப் பிறகு வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஸ்டெல்லா வந்து சேர்ந்தாள். நன்றி சொல்லி ஒரு பூசை ஒப்புக்கொடுத்தோம். மெலிந்து, கையில் சூடுபட்ட தழும்போடு வந்திருந்தாள். முதல் வாரம் தூங்கித் தூங்கியே கழித்தாள். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு பகல் பிலோமினா கோயிலுக்குப் போயிருந்தாள். நானும் மகளும் மட்டும் வீட்டில். அவள் சாப்பிட்டுவிட்டு, பின்வாசலில் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு ஏம்ப்பா அம்மாவ ஏசிக்கிட்டு இருந்தீங்க?"

"என்னைக்கு?"

"நான் விலாசம் சொன்ன அன்னைக்கு. பின்னால நீங்க கத்திக்கிட்டே இருந்தது கேட்டிச்சு. கூப்பிட்டும் வரல. இன்னும் கோவம் போகலன்னு நெனச்சிக்கிட்டேன்."

கூரை, குழாய், பொலிஸ், ஆணி எல்லாவற்றையும் முன்பின்னாகச் சொன்னேன். தண்ணீர்ப் பைப்பை மூடாமலே கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அம்மா சொல்லலியே."

"யாருக்குமே நேரம் இருக்கல்லம்மா."

"அஞ்சு மாசம் அதத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். அந்த வீட்டில் பட்ட பாட்டோடு இதையும் சேர்த்துச் சுமந்திருக்கிறாள். அந்த விலாசம் அவளை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. அந்த ஐந்து மாதத்தை யார் திருப்பித் தருவது? ஆண்டவரிடம் இதை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

சொல்ல வேண்டியதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. மூன்று மணி நேரம் தகரத்தில் காய்ந்து சொல்லிப் பார்த்த வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது.

"சாப்பிட்டியாம்மா?" என்றேன்.

அவள் கையில் கழுவின தட்டு சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து, அந்த ஈரத் தட்டை வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள். நான் சோறு போட்டேன்.